கரை மறைகிற தூரம்

லலிதாம்பாள் கடலில் போகப் போகிறாள் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால், வலியசாலைத் தெரு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கும். நாற்பத்தைந்து வயதில் அவள் தாண்டியிருந்த பெரிய தண்ணீர் கிள்ளியாறு. அதுவும் பாலத்தின் மேல், வண்டிக்குள் உட்கார்ந்து. கடல் மூன்று நான்கு மைல் தள்ளித்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சங்குமுகத்தில் முட்டளவு ஜலத்தில் நின்று ஒரு முழுக்குப் போடுவாள். அலை காலை இழுக்கும் முன்னே ஓடி வந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் போனாள். மலையாளக் கணக்கில் கொல்லம் ஆயிரத்து எண்பத்துமூன்றாம் வருஷம், அதாவது இங்கிலீஷ் 1908-ல், தை அமாவாசையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு, பட்டப்பகலில், தெரு ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கப் போனாள். அவளைப் போகவைத்தது ஒரு கடுதாசி.

கடுதாசி பம்பாயிலிருந்து அவளுடைய ஒரே பிள்ளை ஸ்ரீகண்டன் எழுதியது. சீமையில் நாலு வருஷம் வைத்தியம் படித்து முடித்துவிட்டான். கப்பல் இறங்கியாயிற்று, கொல்லம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கால்வாய் வள்ளத்தில் புதன்கிழமை வள்ளக்கடவில் இறங்குவான். அதுவரை எல்லாம் சந்தோஷந்தான். கடைசி நாலு வரியில்தான் வினை இருந்தது. ‘நான் படிக்கப் போனேன், திருடப் போகவில்லை. சமுத்திரம் தாண்டியதற்குப் பரிகாரம் பண்ணிக்கொள்ள மாட்டேன். வாத்தியார் மாமாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.’

லலிதாம்பாளின் அகத்துக்காரர் வெங்கடசுப்ரமணியன் கோர்ட்டில் ஹெட் குமாஸ்தா. பயந்த சுபாவம். அந்தக் கடுதாசியை மடித்து வைத்துக்கொள்ளத் தெரியாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தெருப் புரோகிதர் சாம்பசிவ வாத்தியாரிடம் காட்டிவிட்டார். தெருவில் யாரை உள்ளே வைப்பது, யாரைத் தள்ளுவது என்பதெல்லாம் அந்தச் சாம்பசிவ வாத்தியார் வாயில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவர் வந்து கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். லலிதாம்பாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“பரிகாரம் பண்ணிக்க மாட்டேன்னுட்டான். சரி. பின்கட்டுல மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்து ரூம்ல இருக்கட்டும்” என்றார் வாத்தியார். “வேலைக்காரன் இலையைக் கொண்டுபோய் வாசப்படியில வச்சுட்டு வரட்டும். பெத்தவ கையால ஒரு பருக்கை போடப்படாது. போட்டா இந்த ஆத்துப் படி நான் ஏற மாட்டேன். தெருக்கிணறு கிடையாது, பந்தி கிடையாது, திவசத்துக்குப் பிராமணன் கிடையாது. கேட்டேளா?”

“சரி மாமா, சரி மாமா” என்றார் ஹெட் குமாஸ்தா.

நாலு வருஷம் கழித்து வருகிற பிள்ளைக்கு வாசற்படியில் இலை! லலிதாம்பாளுக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்தே வாயைத் திறந்தாள். அந்த வீட்டில் வாத்தியார் இருக்கும்போது அவள் குரல் கூடத்தில் கேட்டது அதுவே முதல் தடவை.

“ஜவுளிக்கடை நாகேஸ்வரன் போன வருஷம் கப்பலேறி ஆலப்புழைக்குப் போனானே. அவனுக்கு ஏன் தோஷம் இல்லை?”

வாத்தியார் ஊஞ்சலை நிறுத்தினார். “அது வேற கேஸாக்கும். கரையோரமாப் போற கப்பல். கரை கண்ணைவிட்டு மறையவே இல்லை. அவன் அன்னமும் தொடல்லை, நேந்திரம்பழம் மாத்திரம் தின்னான். கரை மறையணும், உப்பு ஜலத்து மேலே அன்னம் உண்ணணும். ரெண்டும் சேந்தாத்தான் தோஷம். ஓர்மை வச்சுக்கோ.”

அவள் ஓர்மை வைத்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டோடு கோர்ட்டு விவகாரம் கேட்டுக்கேட்டு, சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கும் என்பது அவளுக்கு அகத்துக்காரரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. உள்ளே இருக்கிறவள் வெளியே தள்ளப்பட்டவனுக்குச் சோறு போடக் கூடாது, சரி. வெளியே தள்ளப்பட்டவள் போட்டால் அதை யார் கேட்பது? அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். வெங்கடசுப்ரமணியன்தான் புரண்டுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை கொல்லைப்புறச் சந்தில் தாசம்மாள் வந்தாள். வெற்றிலைக்குப் போடுகிற சிப்பிச் சுண்ணாம்பு விற்பவள், கடலோரத்து வலியதுறைக்காரி. அவள் புருஷன் பத்ரோஸிடம் பாய் கட்டின சின்ன வள்ளம் ஒன்று இருந்தது.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. உன் புருஷன் மீன் பிடிக்கப் போக மாட்டான் இல்லையா? என்னை வள்ளத்துல கடல்ல கூட்டிண்டு போகச் சொல்லு. சும்மா காத்து வாங்க” என்றாள் லலிதாம்பாள்.

தாசம்மாள் சுண்ணாம்புக் கூடையைக் கீழே வைத்தாள். “அம்மியாருக்கு மேலுக்குச் சுகமில்லையா?”

“சுகமாத்தான் இருக்கேன்.”

“எங்க கரையில பெண்ணுங்க வள்ளத்தில காலு வைக்கப்பிடாது. வச்சா மீன் படாதுன்னு சொல்லுவாங்க.”

“நீ இதுவரை ஏறினது இல்லையே. அப்போ உன் புருஷனுக்கு மீன் கொட்டிண்டிருக்கணுமே?”

தாசம்மாள் சற்று யோசித்தாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு பலமாகச் சிரித்தாள். “அதும் உள்ளதுதான். நானும் வாறேன்” என்றாள்.

அமாவாசையன்று விடிவதற்குள் லலிதாம்பாள் குளித்து, மடியாக அகத்துக்காரருக்குச் சமைத்து மூடிவைத்தாள். ஒரு பித்தளைத் தூக்கில் புளியோதரையை அமுக்கி அமுக்கி நிரப்பினாள். வெங்கடசுப்ரமணியன் தர்ப்பைக் கட்டும் எள்ளுமாக மற்றவர்களோடு வண்டியேறிச் சங்குமுகத்துக்குப் போனதும், வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தாசம்மாளுடன் இன்னொரு வண்டியில் வலியதுறைக்குப் போனாள்.

சரக்கு இறக்கக் கடலுக்குள் நீண்டிருந்த கடற்பாலத்தின் இரும்பு ஏணியில் மடிசார் கட்டிக்கொண்டு இறங்குவது லேசான காரியம் இல்லை. கீழே வள்ளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காலைப் பூசை முடித்து வந்திருந்த பத்ரோஸ் கை கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கி நின்றான். லலிதாம்பாள் தூக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் படியிலிருந்து குதித்தாள். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் நடுப்பலகையில் விழுந்தாற்போல் உட்கார்ந்தாள்.

“எங்கோட்டு விடணும் அம்மியாரே?”

“முதல்ல சங்குமுகத்துக்கு முன்னாடி போ. மெதுவா.”

கரைக்காற்று பாயை நிறைத்தது. சங்குமுகத்து மணலில் ஐம்பது அறுபது பேர் கிழக்கும் தெற்குமாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வள்ளத்தைப் பார்த்தவன் நாகேஸ்வரன். குடையைச் சுருட்டிக் கடலைக் காட்டினான். அரக்குச் சேலையில், நிமிர்ந்து, வைர மூக்குத்தி வெயிலில் மின்ன உட்கார்ந்திருந்தவளை அடையாளம் தெரியாமல் போகுமா? வெங்கடசுப்ரமணியன் கையிலிருந்த எள்ளுந்தண்ணீர் பிதுர்களுக்குப் போகாமல் மடியில் வடிந்தது. மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த சாம்பசிவ வாத்தியார், யாருடைய பாட்டனாரோ ஒருவரை அப்படியே பாதியில் விட்டுவிட்டார்.

“ஏண்டீ! ஏண்டீ!” என்று அலைச் சத்தத்துக்கு நடுவே ஹெட் குமாஸ்தாவின் குரல் வந்தது.

லலிதாம்பாள் கையை உயர்த்தி ஆட்டினாள். “இனி வெளியே விடு” என்றாள் பத்ரோஸிடம்.

அவன் கோவளத்து முனை வரை கரையோரமாகப் போய்த் திரும்புவது என்று நினைத்திருந்தான். கரை மறைகிற வரைக்கும் போகணும் என்று அவள் சொன்னதும் சுக்கானைப் பிடித்த கை நின்றது. “காத்து வாங்கன்னல்லோ சொன்னது? இது புறங்கடலு. ரெண்டு பெண்ணுங்களை வச்சுக்கிட்டு…”

“பயமா இருக்கா?”

“எனக்கா?” என்று பத்ரோஸ் பாயை இழுத்துக் கட்டினான். ஆண்பிள்ளைகளைக் கடலுக்குள் அனுப்ப அந்த ஒரு கேள்வி போதும்.

பிறகு வேலை ஒன்றும் இல்லை. அதுதான் லலிதாம்பாளுக்குப் புதிசாக இருந்தது. சங்குமுகம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சையாகி, பச்சையிலிருந்து கருநீலமாயிற்று. அலை என்று ஒன்று கரையில் அடிக்கிறதே, அது இங்கே இல்லை. வள்ளம் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டு போயிற்று. பக்கத்தில் ஏதோ மீன் ஒன்று ஜலத்தைவிட்டு எழும்பிப் பத்தடி பறந்து விழுந்தது. அவள் “ஐயோ!” என்று சின்னப்பெண்போலக் கத்தினாள். கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். பாய்க்கயிற்றைக் கேட்டு வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். அது காற்றின் இழுப்பைக் கைக்குள் கொண்டுவந்து கொடுத்தது. தாசம்மாள்தான் பாவம். பிறந்ததிலிருந்து கடலோரத்தில் இருந்தவள், ஒரு மணி நேரத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்க ஆரம்பித்துவிட்டாள். லலிதாம்பாள் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

அது ஓய்ந்ததும் காலை நீட்டிப் பாய்மரத்தில் சாய்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஆண்பிள்ளை முன்னால் காலை நீட்டினதில்லை. அடுப்பு இல்லை, தீர்த்தம் கொண்டா என்று கூப்பிடுகிறவர் இல்லை, எதிராத்துக் கண் இல்லை. எத்தனை சுகமாக இருக்கிறது! இதையா பாவம் என்று இத்தனை நாள் சொல்லி வைத்திருந்தார்கள்? பிள்ளைக்காக வந்தது வாஸ்தவம். ஆனால் இப்போது தனக்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

மத்தியானம் தென்னைவரிசை மங்கலான ஒரு கோடாயிற்று. பிறகு கோடும் போயிற்று. அவள் எழுந்து நின்று பார்த்தாள். “மறைஞ்சுடுத்து” என்றாள்.

பத்ரோஸ் கிழக்கே மோவாயை நீட்டினான். “மலை உண்டே.”

கரைக்கு வெகு தூரம் உள்ளே இருக்கிற அகத்திய மலை, வானத்தில் நீலமாக அசையாமல் நின்றது. லலிதாம்பாள் அதை முறைத்தாள். “அது எப்போ மறையும்?”

“அது மறையணும்னா கொழும்புக்குப் போகணும்” என்று பத்ரோஸ் சிரித்தான்.

அரைமணி போனதும் உச்சிவெயிலில் மூட்டம் போட்டது. மலை கொஞ்சங்கொஞ்சமாக வெளுத்து, தேடினால்கூடத் தெரியாமல் போயிற்று. சுற்றிலும் தண்ணீர். லலிதாம்பாள் தூக்கைத் திறந்தாள். மூன்று வாழையிலைத் துண்டில் புளியோதரையை வைத்தாள். தாசம்மாள் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். பத்ரோஸ் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டான். லலிதாம்பாள் ஒவ்வொரு பிடியாக, அவசரப்படாமல், தன் பங்கையும் தாசம்மாளின் பங்கையும் தின்று தீர்த்தாள். அப்புறம் கடல்தண்ணீரில் கையைக் கழுவினாள்.

“காத்து திரும்பியாச்சு. போவாமா?” என்றான் பத்ரோஸ்.

“போகலாம். ஒண்ணும் அவசரமில்லை.”

மாலை ஐந்து மணிக்குக் கடற்பாலத்தில் ஏறியபோது சாம்பசிவ வாத்தியார், வெங்கடசுப்ரமணியன், நாகேஸ்வரன் மூவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. வாத்தியாரின் கோபம் வெயிலில் காய்ந்து, இப்போது வேறு யோசனையாக மாறியிருந்தது. ஹெட் குமாஸ்தாவைத் தெருவைவிட்டுத் தள்ளிவிட்டால், தெருக்காரர்களுக்குக் கோர்ட்டில் காரியம் ஆவது எப்படி?

“லலிதா, கோவளம் வரைக்கும் கரையோரமாப் போய்ட்டு வந்தே. அவ்வளவுதானே?” என்றார், தேன் ஒழுக.

“இல்லை மாமா. புறங்கடலுக்குப் போனேன். கரை மறைஞ்சுது. புளியோதரை சாப்பிட்டேன்.”

“உனக்கு மயக்கம், பார்வை சரியாத் தெரிஞ்சிருக்காது. இவன் சொல்லட்டும். ஏண்டா, கரை தெரிஞ்சுதா இல்லையா?”

பத்ரோஸ் தலையைச் சொறிந்தான். அவனுக்குப் பொய் வராது. “கரை மறைஞ்சு போச்சு சாமி. மலை மாத்திரம் கொறச்சு நேரம் கண்டது.”

வாத்தியார் தொடையில் தட்டினார். “மலை! மலை பூமிதானே? பூமி தெரிஞ்சா தோஷம் இல்லை. கேஸ் தீர்ந்தது. வண்டியில ஏறு, ஆத்துக்குப் போலாம்.” வெங்கடசுப்ரமணியனின் முகம் மலர்ந்துபோயிற்று.

லலிதாம்பாள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு தூரம் போயும் இவர் விடமாட்டேன் என்கிறாரே! இவரோடு வண்டியில் ஏறினால் புதன்கிழமை பிள்ளைக்கு வாசற்படியில்தான் இலை.

“இலை போடறபோது மலை மூட்டத்துல மறைஞ்சாச்சு. அது இருக்கட்டும்” என்றாள். “மலை பூமின்னா, சமுத்திரத்துக்கு அடியிலயும் பூமிதான் மாமா. எம்பிள்ளை போன கப்பலும் அந்தப் பூமிக்கு மேலதான் போயிருக்கு. அப்போ அவனுக்கும் தோஷம் இல்லை. சொல்லுங்கோ.”

“அதெப்படி? அது சீமை. அவன் எத்தனை தூரம்…”

“தூரத்துல தோஷம்னு நீங்க சொல்லல்லை. கரை மறையணும், அன்னம் உண்ணணும்னேள். எங்காத்து ஊஞ்சல்ல உக்காந்துண்டு சொன்னேள். அவன் கரை மறைஞ்சு அன்னம் உண்டான். நானும் உண்டேன். ஒருத்தரை உள்ளேயும் ஒருத்தரை வெளியேயும் வைக்காதேங்கோ. சேத்துண்டா ரெண்டு பேரையும் சேத்துக்கோங்கோ. தள்ளினா ரெண்டு பேரையும் தள்ளுங்கோ.”

நாகேஸ்வரன் குடையை விரித்து மூடினான். பாலத்தில் துவரைமூட்டைக்குக் காவல் இருந்த ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் ஒரு பெண்பிள்ளை அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள். அவருக்குக் கோர்ட்டும் மறந்தது, காரியமும் மறந்தது.

“தள்ளியாச்சுடீ!” என்று கத்தினார். “ரெண்டு பேரையும் தள்ளியாச்சு! இனி உங்க ஆத்துப் படி நான் மிதிக்க மாட்டேன்!”

“ரொம்ப சந்தோஷம் மாமா. அதைக் கேக்கத்தான் இத்தனை தூரம் போய்ட்டு வந்தேன்” என்றாள் லலிதாம்பாள். சொல்லிவிட்டுத் தாசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

வெங்கடசுப்ரமணியன் அவளோடு பேசவில்லை. அவள் மூடிவைத்த சமையலைத் தொடவுமில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவலை நனைத்துத் தின்றுவிட்டு ஆபீசுக்குப் போனார். தெருக்கிணற்றில் வாளி போடக் கூடாது என்று செவ்வாய்க்கிழமையே சொல்லியனுப்பிவிட்டார்கள். தாசம்மாள் வண்டியில் இரண்டு பீப்பாய் ஆற்றுத்தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்து கொல்லையில் இறக்கினாள். வாசலில் வைக்கவில்லையே என்று லலிதாம்பாள் கோபித்துக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்ரீகண்டன் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். வள்ளக்கடவிலிருந்து வரும் வழியிலேயே வண்டிக்காரன் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போகப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்தாள். வாசல்கதவு இரண்டையும் அகலத் திறந்துவைத்தாள். தெருவைப் பார்க்க இரண்டு இலை போட்டாள், பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் பரிமாறிவிட்டு, ஆண்பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பின் சாப்பிடுகிற வழக்கத்தையும் அன்றைக்கு மூட்டைகட்டி வைத்துவிட்டு, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிராத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திறக்கட்டும் என்று அவள் சாதத்தைப் பிசைந்தாள்.

அப்போது வெங்கடசுப்ரமணியன் ஆபீசிலிருந்து வந்தார். வாசலில் கால் கழுவினார். உள்ளே வந்து இரண்டு பேரையும் பார்த்தார். கொல்லைக்குப் போனவர், தானே ஒரு இலையை நறுக்கிக்கொண்டு வந்து, கூடத்துத் தூணுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் தூண் இருந்தால் அது வேறு பந்தி. ஒரே பந்தியில் உட்கார்ந்த தோஷம் வராது. பந்திக்கு அப்படி மறைவு உண்டு. பரிமாறுகிற கை தள்ளப்பட்டவளுடையது, அதற்கு எந்தத் தூணும் மறைவு இல்லை. ஹெட் குமாஸ்தாவுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் இலையைத் துடைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்க்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

லலிதாம்பாள் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய் அவருக்குப் பரிமாறினாள். நெய்யை மட்டும் ஒரு கரண்டி கூட விட்டாள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஸ்ரீகண்டன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“அம்மா, நீ எனக்காக ஏதோ பரிகாரம் பண்ணினேன்னு வண்டிக்காரன் சொன்னான். நெஜமா?”

“பரிகாரமா? அவனுக்கு என்ன தெரியும்” என்றாள் லலிதாம்பாள். “நான் பாவத்தைத்தான் பண்ணிட்டு வந்தேன். உன்னோடதுல பாதி.”

தூணுக்கு அந்தப் பக்கம் புரையேறிற்று. அது இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. ஸ்ரீகண்டன் பிசைந்த சாதத்தைப் பார்த்தபடி இருந்தான். கண்ணைத் துடைக்கக் கை எச்சிலாக இருந்தது. லலிதாம்பாள் தன் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

“எப்படி இருந்துது?” என்றான்.

“ரொம்ப நன்னா இருந்துது” என்றாள் அவள், எதிர்வாடைக்குக் கேட்கும்படியாகவே. “ஞாயித்துக்கிழமை மறுபடியும் போறேன். சாப்பிடு.”